நாலாம் நாள் செத்துப்போகும் பேட்டரி

ஜூன் 3

தம்பிக்கு,

நானும் குட்டியும் நன்றாக இருக்கிறோம். நன்றாக என்றால், கதவுக்குப் பின்னால் நாற்காலியை முட்டுக் கொடுத்துவிட்டுத் தூங்குகிற அளவுக்கு நன்றாக. போன் எடுக்கவில்லை என்று கோபப்படாதே. சிம்மைக் கழற்றிச் சாக்கடையில் போட்டுவிட்டேன். போன ஊரில் உன் அத்தான் எங்களைக் கண்டுபிடித்தது அந்தப் போனால்தான் என்று நினைக்கிறேன். வீட்டை விட்டு வந்து ஆறு வாரம்கூட ஆகவில்லை. எதிர்த்த மருந்துக்கடையில் தலைவலி மாத்திரை வாங்க வந்தவர் மாதிரி நிற்கிறார். அன்றைக்கே மூட்டை கட்டினேன்.

இனிமேல் கடிதம்தான். உறையின் மேல் இருப்பது தபால் பெட்டி எண். அந்தப் பெட்டி நான் இருக்கும் ஊரில் இல்லை. அரை மணி நேரம் வண்டி ஓட்டிப் போய்த்தான் எடுக்க வேண்டும். ஊர்ப் பெயரை உனக்கும் எழுதப் போவதில்லை, தப்பாக எடுத்துக்கொள்ளாதே. உனக்குத் தெரியாததை யாரும் உன் வாயிலிருந்து பிடுங்க முடியாது.

இங்கே ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கும் பழைய வேலையே கிடைத்திருக்கிறது. வீடு ஒரு மாடி அறை. கீழே தகரக் கூரை போட்ட ஷெட்டில் வண்டி நிற்கிறது. வீட்டுக்காரம்மா என்னைப் பற்றி ரொம்பக் கேள்வி கேட்கிறாள். காலையில் ரொட்டி வேன் ஓட்டி வருகிறவர் தெருவில் எந்த வீட்டின் முன்னாலும் நிற்பதைவிட எங்கள் வீட்டின் முன்னால் கூடுதலாக நிற்கிறார். எனக்கு யாரைப் பார்த்தாலும் இப்போது இப்படித்தான் தோன்றுகிறது.

எழுதியதற்குக் காரணம் வண்டி. நாலு நாள் தொடாமல் விட்டால் பேட்டரி செத்துவிடுகிறது. சாவியைத் திருப்பினால் ஒரு முனகல், அவ்வளவுதான். இரண்டு தடவை கடையில் கொடுத்து சார்ஜ் ஏற்றினேன். மறுபடியும் நாலாம் நாள் அதே கதை. அந்த வீட்டில் இருந்தவரை இப்படி இல்லை. அவர் மறுபடியும் வந்து நின்றால் எனக்கும் குட்டிக்கும் இருக்கும் ஒரே கால் இந்த வண்டிதான். அது நொண்டினால் எங்கள் கதை முடிந்தது.

இந்தப் பழைய வண்டியைப் பிரித்து மேய்ந்து எனக்குச் சரி செய்து கொடுத்தவன் நீ. இதில் உனக்குத் தெரியாத கம்பி கிடையாது. என்ன செய்யலாம் என்று எழுது.

அக்கா

ஜூன் 9

அக்காவுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்த பிறகுதான் சோறு இறங்கியது. ஊர்ப் பெயரைக்கூடச் சொல்லமாட்டேன் என்று எழுதியிருக்கிறாய். சரி. நான் என்ன தண்டோராவா போடப் போகிறேன்? இருந்தாலும் வருத்தமாக இருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

வண்டிக்கு வருவோம். முன்பு தினமும் ஓட்டினாய், பேட்டரி தினமும் நிறைந்தது. இப்போது நாள் கணக்கில் நிற்கிறது. நிற்கும்போதும் எதுவோ ஒன்று சத்தமில்லாமல் கரண்ட்டைக் குடித்துக்கொண்டிருக்கிறது. எது என்று பிடிப்பது லென்ஸ் தேய்க்கிற கைக்குப் பெரிய வித்தை இல்லை.

ஒரு மல்டிமீட்டர் வாங்கு. சாதாரணமானதே போதும். டிரைவர் பக்கக் கண்ணாடியை முதலிலேயே இறக்கி வைத்துவிட்டு எல்லாக் கதவையும் மூடு. பானெட் திறந்தே இருக்கட்டும். பேட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்று. மீட்டரைப் பத்து ஆம்பியரில் வை. சிவப்பு முள்ளை அதற்குரிய துளைக்கு மாற்றிச் செருக வேண்டும், மறந்தால் மீட்டர் போச்சு. ஒரு முள் கழற்றிய கம்பியில், இன்னொன்று பேட்டரியின் நெகட்டிவ் முனையில். இனி அந்த வண்டிக்குள் போகிற ஒவ்வொரு சொட்டும் மீட்டர் வழியாகத்தான் போகும். சாவி போடாதே. அரை மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார். வண்டியே தூங்க வேண்டும்.

அப்புறம் பார். 0.05க்குள் இருந்தால் நியாயம். கடிகாரம், ரேடியோ ஞாபகம் எல்லாம் அதில் அடக்கம். அதற்கு மேல் இருந்தால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கு, பார்த்துவிட்டுத் திரும்பச் செருகு. எதைப் பிடுங்கும்போது எண் இறங்குகிறதோ, திருடன் அந்த வழியில் இருக்கிறான். டிக்கி விளக்கு, டேஷ்போர்டு அறை விளக்கு, இந்த இரண்டு பேர் மேலும்தான் எனக்குச் சந்தேகம்.

நான் ஒரு வண்டிக்குக் கம்பி இழுத்துக்கொண்டிருக்கும்போது அத்தான் கடைக்கு வந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "உங்க அக்கா கடிதம் போட்டாளா"ன்னு கேட்டார். இல்லை என்றேன். உனக்காகச் சொன்ன பொய். ஆனாலும் மனுஷர் பாதியாக இளைத்துப் போயிருக்கிறார் அக்கா. அதையும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

தம்பி

ஜூன் 17

தம்பிக்கு,

அவர் இளைத்ததைப் பற்றி நீ எழுத வேண்டாம். எட்டு வருஷம் தினமும் சாயங்காலம் வண்டியில் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று பார்த்து டைரியில் எழுதியவர். ரெண்டு கிலோமீட்டர் கூடினால் எங்கே போனாய் என்று கேட்பார். நான் சொல்கிற உண்மையை ஒரு நாளும் நம்பமாட்டார். எனக்கு லீவு நாளென்றால் கதவை வெளிப்பக்கம் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போன மனுஷருக்கு இப்போது சோறு இறங்கவில்லையாம்.

நீ சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை செய்தேன். கதவைத் திறந்தால் உள்விளக்கு எரியும் என்பதால் குட்டியைக் கண்ணாடி வழியாக உள்ளே இறக்கினேன். ஃபியூஸைப் பிடுங்குவது, "எத்தனைம்மா" என்று கேட்பது, திரும்பச் செருகுவது எல்லாம் அவள் வேலை. பள்ளிக்கூடத்தில்கூட இத்தனை கவனமாக இருந்திருக்கமாட்டாள்.

அரை மணி கழித்து மீட்டர் 0.04ல் நின்றது. "நல்லாத்தானே இருக்கு" என்று பேட்டரியை மாட்டப் போனேன். கையை வைக்கும் முன் எண் தானாக ஏறியது. 0.38. மூன்று நிமிஷம் அங்கேயே நின்றது. பிறகு இறங்கி மறுபடியும் 0.04. ஐந்து நிமிஷம் கழித்துத் திரும்ப ஏறியது. மதியம் முழுக்க உட்கார்ந்து கைக்கடிகாரத்தை வைத்துக் குறித்தேன். தாள் இந்த உறைக்குள் இருக்கிறது.

இருபத்திரண்டு ஃபியூஸையும் பிடுங்கிப் பார்த்துவிட்டோம். எதைப் பிடுங்கினாலும் அந்த ஏற்றம் நிற்கவில்லை. கடைசியில் அத்தனையையும் மொத்தமாகப் பிடுங்கித் தரையில் பரப்பினேன். வண்டியில் ஒரு வழியும் திறந்திருக்கக் கூடாது. அப்போதும் ஏறி இறங்குகிறது. டிக்கி விளக்கிலும் டேஷ்போர்டு அறை விளக்கிலும் பல்பைக் கழற்றி வைத்துப் பார்த்தேன். அவை இரண்டும் பாவம், ஒன்றும் செய்யவில்லை.

விளக்கு என்றால் எரிந்துகொண்டே இருக்கும். இது எழுந்து, எதையோ செய்து, திரும்பப் படுக்கிறது. எனக்குப் பிடிக்கவில்லை. இது என்ன?

அக்கா

ஜூன் 22

அக்காவுக்கு,

வேலை தலைக்கு மேல். சுருக்கமாக எழுதுகிறேன்.

நீ வாங்கிய மீட்டர் மட்டமானதாக இருக்கும். அதன் எண்ணை நம்பி வண்டியைக் குதறாதே. பேட்டரிக்கும் வயதாகிவிட்டது, அதுதான் விஷயம். புதிதாக ஒன்று வாங்கிப் போடு. வாரம் இரண்டு தடவை கொஞ்ச தூரம் ஓட்டு. சரியாகிவிடும்.

முக்கியமாக, டேஷ்போர்டைக் கழற்றுகிற வேலையெல்லாம் வைத்துக்கொள்ளாதே. பழைய பிளாஸ்டிக், தொட்டால் உடையும். உள்ளே நான் இழுத்திருக்கும் கம்பிகள் உனக்குப் புரியாது.

வண்டியை எப்போதும் அந்தத் தகர ஷெட்டுக்குள்தான் நிறுத்துகிறாயா, வெளியில் நிறுத்துவது உண்டா?

குட்டியைக் கேட்டதாகச் சொல்.

தம்பி

ஜூலை 1

தம்பிக்கு,

இதை ஒரு லாட்ஜ் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அந்த மாடி அறை இனி எங்களுக்கு இல்லை.

வெள்ளிக்கிழமை காலை வேலைக்குக் கிளம்பும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தெருமுனையில் உன் அத்தான். ஒவ்வொரு வீட்டு வாசலாக நின்று பார்த்துக்கொண்டு வருகிறார். அவசரமே இல்லாமல் வருகிறார். குட்டியை இழுத்துக்கொண்டு பின்படி வழியாக ஷெட்டுக்கு ஓடினேன். சாவியைத் திருப்பினேன். நாலாம் நாள். முனகல்கூட வரவில்லை.

ஷெட் கதவை உள்ளிருந்து சாத்தினேன். நாங்கள் இரண்டு பேரும் சீட்டுக்குக் கீழே ஒடுங்கிக் கிடந்தோம். அவர் செருப்புச் சத்தம் ஷெட் வாசலில் நின்றது. குட்டியின் வாயைப் பொத்தினேன். வீட்டுக்காரம்மா அவரிடம் பேசுவது கேட்டது. "அந்தப் பொண்ணா? போன மாசமே காலி பண்ணிட்டுப் போயிடுச்சே. யாருங்க நீங்க?" என்னைக் கேள்வி கேட்டுத் துளைத்த அதே வாய். அவர் நகர்ந்து அடுத்த தெருவுக்குப் போனதும், எங்கள் வீட்டுக்கு முன்னால் கூடுதலாக நிற்கிற அந்த ரொட்டி வேன்காரர் ஒன்றும் கேட்காமல் கேபிளைக் கொண்டுவந்து தன் பேட்டரியிலிருந்து கொடுத்து வண்டியைக் கிளப்பிவிட்டார். நான் சந்தேகப்பட்ட ரெண்டு பேரும் என்னைக் காப்பாற்றியிருக்கிறார்கள். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

போனும் கிடையாது. ஊர்ப் பெயரை யாருக்கும் எழுதவில்லை. பள்ளிக்கூடத்தில் குட்டியை இன்னும் சேர்க்கவில்லை. பிறகு எப்படி வந்தார்?

வழியில் ஒரு மெக்கானிக் கடையில் பேட்டரியைச் சோதிக்கச் சொன்னேன். நிறைய சார்ஜ் ஏற்றி, சுமை கொடுத்துப் பார்த்தார். "பேட்டரிக்கு ஒரு குறையும் இல்லம்மா. இன்னும் ரெண்டு வருஷம் ஓடும்" என்றார். என் மீட்டரைத் தன் மீட்டரோடு வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒரே எண்.

பேட்டரியும் சரி, மீட்டரும் சரி. நீ சொன்ன இரண்டும் தப்பு. பதினெட்டு வருஷமாக வண்டிக் கம்பியோடு குடும்பம் நடத்துகிறவன் நீ. இருபத்திரண்டு ஃபியூஸையும் பிடுங்கிய பிறகும் ஏறி இறங்குகிறது என்று எழுதினால், பேட்டரி மாற்று என்று எப்படிச் சொன்னாய்? வண்டி ஷெட்டில் நிற்கிறதா வெளியில் நிற்கிறதா என்று உனக்கு எதற்கு?

என் காதில் பூ சுற்றுகிறாயா என்று கேட்க எனக்குப் பயமாக இருக்கிறது. உலகத்தில் எனக்கு மிச்சமிருக்கும் ஒரே ஆள் நீ. அதனால்தான் பயம்.

அக்கா

ஜூலை 4

தம்பிக்கு,

உன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

டேஷ்போர்டைக் கழற்றாதே என்று எழுதினாய். இந்த வண்டியில் நீ கை வைக்காதே என்று சொன்ன இடம் அது ஒன்றுதான். அதனால் அங்கேயே ஆரம்பித்தேன். லாட்ஜின் பின்பக்கம் வண்டியை நிறுத்தி, முதலில் பேட்டரியின் பாசிட்டிவ் முனையைப் பார்த்தேன். தடித்த கம்பிகளுக்கு நடுவே ஒரு மெல்லிய கம்பி. ஃபியூஸ் பெட்டிப் பக்கமே போகாமல் நேராக வண்டிக்குள் நுழைகிறது. அதன் கூடவே போனேன். டேஷ்போர்டு அறைக்குப் பின்னால், ரேடியோவுக்கு அடியில், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்பு டப்பா. அதன் மேல் ஒரு சிம் போடும் இடம். சிம் உள்ளே இருக்கிறது. வண்டி எங்கே நிற்கிறது என்று போனுக்குச் சொல்லும் ஜி.பி.எஸ். டப்பா. சிம்முக்கு யார் பில் கட்டுகிறார் என்று நீ சொல்லத் தேவையில்லை.

நான் சாக்கடையில் போட்ட போன் ஒரு பாவமும் செய்யவில்லை. நாங்கள் எங்கே போனாலும் எங்களைக் காட்டிக் கொடுத்தது எங்களைச் சுமந்து போன வண்டி.

முதலில் அவரே வைத்தது என்றுதான் நினைத்தேன். நினைக்க எத்தனை ஆசைப்பட்டேன் தெரியுமா. பிறகு இணைப்பைப் பார்த்தேன். துணி டேப் சுற்றி, அதன் நுனி பிரியாமலிருக்க ஒரு சொட்டுச் சிவப்பு நகப்பூச்சு. நான் காலேஜ் போகும்போது என் நகப்பூச்சுப் பாட்டில் மாதா மாதம் காலியாகும். "டேப் நுனி வெயில்ல பிரியும்க்கா, இதைத் தொட்டு வச்சா ஜென்மத்துக்கும் பிரியாது" என்று பல்லைக் காட்டுவாய். உன் அத்தானுக்கு இது தெரியாது. எந்த மெக்கானிக்கும் இப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

டப்பாவைப் பிடுங்கி அதற்குள் இருக்கும் சின்ன பேட்டரியையும் கழற்றிவிட்டேன். இப்போது மீட்டர் 0.04ல் நிற்கிறது. ஒரு மணி நேரம் பார்த்தேன், அசையவில்லை.

இன்று மாலைக்குள் இங்கிருந்து கிளம்புகிறோம். எங்கே என்று சொல்லமாட்டேன். தபால் பெட்டியை இன்னும் ஒரு தடவை மட்டும் திறப்பேன். ஒரே கேள்வி. எப்போது வைத்தாய், தெரிந்தே ஏன் மறைத்தாய்?

அக்கா

ஜூலை 5

அக்காவுக்கு,

உன் ஒன்றாம் தேதிக் கடிதம் இப்போதுதான் வந்தது. பதறிப் போய் எழுதுகிறேன். நீ கண்டதையும் யோசித்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. பழைய வண்டி என்றால் ஆயிரம் இருக்கும். எண் ஏறுவதும் இறங்குவதும் சகஜம். அத்தான் எப்படி வந்தார் என்று எனக்கு எப்படித் தெரியும்? யாராவது பார்த்துச் சொல்லியிருப்பார்கள்.

இத்தனை தூரம் தேடி அலைகிறார் என்றால் மனசில் எதுவும் இல்லாமலா அலைகிறார்? ஒரே ஒரு தடவை, நான் நடுவில் இருக்க, உட்கார்ந்து பேசிப் பார்க்கலாம். அவ்வளவுதான் நான் கேட்பது.

தம்பி

ஜூலை 11

அக்காவுக்கு,

உன் நாலாம் தேதிக் கடிதம் வந்தது. நான் ஐந்தாம் தேதி எழுதியது இந்நேரம் உன் பெட்டியில் கிடக்கும். முடிந்தால் அதைப் படிக்காமல் கிழித்துவிடு.

வைத்தது நான்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால். டப்பாவை அத்தான் வாங்கிக்கொண்டு வந்தார். "வண்டி பழசு, திருட்டுப் போனா தேடிப் பிடிக்கணும்ல. உங்க அக்காகிட்ட சொல்லாத, பயந்துக்குவா" என்றார். வண்டி திருட்டுப் போகாமல் இருக்க வைக்கிற பொருளை வண்டிக்காரியிடம் ஏன் சொல்லக் கூடாது என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அக்கா வீட்டுக்காரர் சொன்னார், செய்தேன். ஃபியூஸ் வழியாக இழுத்தால் என்றைக்காவது யாராவது பிடுங்குவார்கள் என்று நேராக இழுக்கச் சொன்னதும் அவர்தான்.

நீ முதல் கடிதம் போட்டபோது எனக்கு அது ஞாபகமே வரவில்லை. இது சத்தியம். ஏறி இறங்குகிறது என்று தாளில் குறித்து அனுப்பினாயே, அதைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. தகரக் கூரைக்குள் சிக்னல் கிடைக்காமல் தேடித் தேடி இழுத்திருக்கிறது. திறந்த வெளியில் நின்றிருந்தால் இத்தனை சீக்கிரம் பேட்டரி இறங்கியிருக்காது, உனக்கும் தெரிந்திருக்காது. அதற்காகத்தான் ஷெட்டைப் பற்றிக் கேட்டேன். ஷெட்டுக்குள் நுழையும் வரைக்கும்தான் அது இடம் காட்டியிருக்கும், அதனால்தான் அவர் தெருவுக்கு வந்தும் வீடு வீடாகத் தேடியிருக்கிறார்.

உடனே எழுதியிருக்கலாம். பேனாவை எடுத்தேன். சொன்னால் நீ இனி எனக்கும் எழுதமாட்டாய் என்று பயம். அதோடு, பொய் சொல்ல விரும்பவில்லை, இன்னொன்றும் இருந்தது. அவர் வந்து நின்றால் நீ பேசுவாய், பேசினால் சேர்ந்துவிடுவீர்கள் என்று நினைத்தேன். கடையில் வந்து அழுகிற மனுஷரைப் பார்த்து இளகிவிட்டேன். நீ சீட்டுக்குக் கீழே குட்டியோடு கிடந்ததைப் படித்த பிறகுதான் நான் என்ன செய்திருக்கிறேன் என்று உறைத்தது. உறைத்த பிறகும் ஐந்தாம் தேதி அப்படி எழுதினேன் பார், அதுதான் எனக்கே தாங்கவில்லை.

நான் அவரிடம் உன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் எதுவுமே சொல்லவில்லை அக்கா. என்னைத் திட்டி நாலு வரி எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

தம்பி

ஜூலை 24

தம்பிக்கு,

கடைசித் தடவையாகத் தபால் பெட்டியைத் திறந்தேன். இரண்டு கடிதமும் இருந்தன. கிழிக்கச் சொன்னதையும் படித்தேன்.

நீ எதுவுமே சொல்லவில்லை என்பது சரி. அவரிடமும் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. எனக்கு அழுகை வந்தது. கோபத்தைவிட அதுதான் அதிகம். உன்னை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தவள் நான். எண்ணைக் குறித்து அனுப்பிய நாளிலிருந்து நான் பயந்து பயந்து எழுதியதையெல்லாம், பயத்துக்கு என்ன காரணம் என்று தெரிந்துகொண்டே படித்திருக்கிறாய்.

வண்டி இப்போது பத்து நாள் நின்றாலும் ஒரே திருப்பில் கிளம்புகிறது. குட்டியைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாயிற்று. எங்கே என்பது உனக்குத் தெரியப் போவதில்லை.

நாங்கள் இருக்கும் இடத்திலிருந்து ஆறு மணி நேரம் ஓட்டி, எங்களுக்குச் சம்பந்தமில்லாத ஓர் ஊரின் பஸ் நிலையத்துக்கு வந்து, அங்கே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கடிதத்தோடு இந்தப் பார்சலில் இருப்பது உன் கறுப்பு டப்பா. கழற்றிய சின்ன பேட்டரியை இங்கே வந்த பிறகுதான் திரும்பப் போட்டேன். அது வழியில் ஓய்ந்துவிடக் கூடாது என்று ஸ்கூட்டர் பேட்டரி ஒன்று வாங்கி அதையும் இணைத்திருக்கிறேன். டேப்பைச் சரியாகச் சுற்றியிருக்கிறேனா என்று பார். "உள்ள என்னம்மா"ன்னு பார்சல்காரர் கேட்டார். "வண்டிச் சாமான், தம்பிக்கு" என்றேன். இனி பஸ் போகிற வழியெல்லாம் அது தான் இருக்குமிடத்தைச் சொல்லிக்கொண்டே வரும், உன் கடை வாசல் வரைக்கும்.

மூன்று வாரமாக டப்பாவிலிருந்து தகவல் வராமல் தவித்துக்கொண்டிருந்தவர் அதைப் பார்த்ததும் கிளம்பியிருப்பார். நீ இதைப் படித்து முடிப்பதற்குள் வந்துவிடலாம். அக்கா எங்கே என்று கேட்பார். தெரியாது என்று சொல்வாய். அது உண்மை. டப்பா உன் மேஜையில் இருக்கும்போது அவர் அதை நம்பமாட்டார். நேற்று எங்கே போனாய், யாரைப் பார்த்தாய், ஏன் மறைக்கிறாய் என்று கேட்டுக்கொண்டே உன் பக்கத்தில் வந்து நிற்பார். நீ திரும்பத் திரும்ப உண்மையைச் சொல்வாய். அவர் திரும்பத் திரும்பக் கேட்பார்.

அந்த நாற்காலியில் நான் எட்டு வருஷம் உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்து பேசிப் பார்க்கலாம் என்றாயே தம்பி, பேசிப் பார்.

அக்கா